திருச்சுழிக்குச் சைக்கிளில் போன நாள்

நான் வெளிநாட்டில் படித்தவன். இங்கே பினாங்கில் இதைச் சொன்னால், லண்டனா ஆஸ்திரேலியாவா என்று கேட்பார்கள். அருப்புக்கோட்டை என்பேன். கேட்டவர் சிரித்துவிடுவார். நான் வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. பினாங்கில் பிறந்து, பத்தொன்பது வயது வரை கடல் கண்ணில் படாமல் ஒரு நாளும் கழியாதவனுக்கு, மழை பெய்தால் காலைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் கரிசல் பூமியைவிட வெளிநாடு வேறு எது? அப்பாவுக்கு அது சொந்த ஊர்ப்பக்கம். எனக்கு இல்லை. கப்பலில் சென்னை வந்து, அங்கிருந்து ரயிலில் விருதுநகர் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் அருப்புக்கோட்டையில் இறங்கியபோது, யாருடைய ஊருக்கோ தவறி வந்துவிட்டதாகத்தான் தோன்றியது. எழுபதுகளின் தொடக்கம் அது.

அப்பா பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அருப்புக்கோட்டையில் நெய்த துணியைக் கட்டுக்கட்டாக வாங்கி அவருக்கு அனுப்பி வைத்த கூட்டாளி ஒருவர் இருந்தார். அவரை நான் பெரியப்பா என்றும் அவர் மனைவியைப் பெரியம்மா என்றும் அழைத்தேன். ரத்த உறவு இல்லை. அதைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டார்கள். "படிக்கட்டும், ஊரும் தெரியட்டும்" என்று அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடித்து என்னை அந்த ஊர்க் கல்லூரியில் சேர்த்தார்கள். விடுதியில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பெரியம்மா வீட்டில் சாப்பாடு.

முதல் ஒரு மாதம் வயிறு என்னோடு பேசவில்லை. மீன் என்றால் அங்கே கருவாடு. குழம்பு என்றால் மிளகாய். காலையில் விடுதிப் பையன்களிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். பினாங்கில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "ஆறல மலாயா, இன்னும் கொதிக்குது" என்பான் ஒருவன். என் பெயர் அந்த விடுதியில் மலாயா என்று ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், எண்ணெயில் பொரித்து எடுத்த புரோட்டாவை நொறுக்கிப் போட்டுச் சால்னாவை ஊற்றித் தந்தார்கள். எங்கள் ஊர் ரொட்டிக்கு அண்ணன் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வழி திறந்துகொண்டது. பருத்திப்பால் குடித்தேன். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சி, பித்தளைப் பானையில் தள்ளுவண்டியில் கொண்டுவருவார்கள். 'இந்த ஊரில் பருத்தியை உடுத்துகிறார்கள், மிச்சத்தைக் குடித்துவிடுகிறார்கள்' என்று வீட்டுக்கு எழுதினேன். அம்மா அதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாளாம். சாப்பிட்டதைச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், என்னைச் சுற்றி உட்காருவார்கள் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். விடுதியில் பினாங்கு மீன் கதை. பினாங்குக்கு அருப்புக்கோட்டைக் கதை. இரண்டு கரையிலும் என்னிடம் இருந்த சரக்கு அது ஒன்றுதான்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் திருச்சுழிச் சாலையில் ஒரு கிராமத்துக்காரன். தினமும் பஸ்ஸில் வந்து போவான். அதிகம் பேசமாட்டான், பேசினால் குத்துவான். எனக்குக் கிடைத்த ஒரே சினேகிதன். அவர்கள் வீட்டு முன்பக்கம் பலசரக்குக் கடை. ஒரு காலத்தில் நாலு ஊருக்கு அதுதான் கடை. அவன் அப்பாவுக்கு வாதம் வந்து படுத்த பிறகு சரக்குக் குறைந்து, டப்பாக்கள் மட்டும் வரிசையாக நின்றன. அவன் அம்மா கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அவனுக்கு ஓர் அக்கா. தினமும் காலையில் துணிப்பையை மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குத் தையல் வகுப்புக்குப் போகிறாள் என்று வீட்டில் சொன்னார்கள்.

தீபாவளிக்கு அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். வெள்ளை வெளேரென்று நெல்லுச்சோறு, மூன்று கூட்டு, அப்பளம், பாயசம். அக்காதான் பரிமாறினாள். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது நெற்றியில் விழும் முடியை மணிக்கட்டால் ஒதுக்கிவிடுவாள். "மலாயாவுல எப்பிடித் தம்பி, சோறு தட்டுல போடுவாகளா, இலையில போடுவாகளா?" என்று கேட்டாள்.

"தட்டுலதான் அக்கா."

"பின்ன எதுக்கு இவன் உன்னைய வேத்துக் கெரகத்துக்காரன்கிறான்?"

சினேகிதன் குனிந்துகொண்டு சிரித்தான். அந்த வீட்டில் எதுவும் குறைவாக எனக்குத் தெரியவில்லை. அப்படித் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அக்காவுக்குத்தான் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேசியவர் எங்கள் பெரியம்மா. மாப்பிள்ளை பெரியம்மாவின் அண்ணன் மகன். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி. "குடும்பம் நொடிச்சுப்போச்சு, இல்லேங்கல. ஆனா கௌரவமான குடும்பம். பொண்ணு தங்கம்" என்று பெரியம்மா சொல்லிச் சொல்லியே அண்ணன் வீட்டைச் சம்மதிக்க வைத்திருந்தார். தை பிறந்ததும் பூவைக்க வருவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே பெரியம்மா விசாரிப்பார்: "அவுக வீட்டுக்குப் போனியா? எப்பிடி இருக்காக? என்ன போட்டாக?" நானும் பாயசம் வரைக்கும் சொல்வேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கார்த்திகையில் நல்ல மழை. ஒரு விடுமுறை நாளில் திருச்சுழிக் கோயிலைப் பார்க்க வேண்டும், குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிறதாம், குளிக்க வேண்டும் என்றேன். சினேகிதன், பஸ்ஸில் போவோம் என்றான்.

"பஸ்ஸுல போனா ஊர் எங்கடா தெரியும்? சைக்கிள்ல போவோம்."

"ஏலே, சைக்கிள்ல போனாலும் இதே ஊருதான் தெரியும். பையத் தெரியும், அம்புட்டுத்தான்."

அவன் அன்றைக்கு இரண்டு மூன்று முறை பஸ் என்று சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கடைசியில், வெளியூர்க்காரன் ஆசைப்படுகிறான் என்று விட்டுக்கொடுத்தான். வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்தோம்.

அந்தக் காலை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சாலைக்கு இரண்டு பக்கமும் கறுப்பு மண்ணில் முழங்கால் உயரப் பருத்தி, நடுநடுவே கொத்தமல்லி. ஈரக்காற்றில் மல்லிச்செடி வாசம் வந்துகொண்டே இருந்தது. யாரோ ஊர் முழுக்க ரசம் வைத்த மாதிரி. வறண்ட பூமி என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அன்றைக்கு அது பச்சையாக, கண்மாய் நிறைய தண்ணீரோடு, கொக்கும் நாரையுமாக இருந்தது. கோயிலில் சினேகிதன் வெகுநேரம் கண்ணை மூடி நின்றான். நான் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆற்றில் செந்நிறத் தண்ணீர். இடுப்பளவு ஆழத்தில் விழுந்து புரண்டோம். கரையேறி, கடை ஒன்றில் காராச்சேவும் சீனிச்சேவும் கலந்து வாங்கி, ஈரக்கையோடு தின்றோம். இப்போது யோசித்தாலும், அன்றைக்கு அந்த மட்டில் திரும்பியிருந்தால் என் வாழ்நாளிலேயே குற்றமில்லாத சந்தோஷமான நாள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

டீக்கடைக்காரர் ஒரு வண்டிப்பாதையைச் சொன்னார். குறுக்கே போகலாம், பெரிய கண்மாய் ஒன்று வரும், பறவை பார்க்கலாம் என்றார். நான் துள்ளினேன்.

"வேணாம்லே. நேத்துப் பேஞ்ச மழை. கரிசலப் பத்தி உனக்குத் தெரியாது."

"மண்ணுதானேடா."

கொஞ்ச தூரம்தான் போனோம். கறுப்பு மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவே மறுத்தது. குச்சியால் நோண்டி எடுத்தால் நாலடி போகும், மறுபடி நிற்கும். செருப்பு இரண்டும் இரண்டு படி கனத்தன. கடைசியில் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்துப் பருத்திக் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா, இங்க பாருங்கடி! மனுசன் சைக்கிள் மேல போயிப் பாத்திருக்கேன். சைக்கிளு மனுசன் மேல போறத இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

சொன்னவள் அவர்களில் மூத்தவள். வெற்றிலை போட்ட வாய், வெண்கலத் தொண்டை. மற்றவர்கள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"காலேசுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாகளாக்கும்!"

"ஏ தம்பி, பெல்லடிச்சுக்கிட்டுப் போப்பா. எதுக்க ஆளு வந்தா ஒதுங்கணும்ல!"

நானும் சிரித்தேன். வரிசையின் கடைசியில் ஒருத்தி மட்டும் நிமிரவில்லை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. இன்னும் கீழே குனிந்தாள். குனிந்தவள், நெற்றியில் விழுந்த முடியை மணிக்கட்டால் ஒதுக்கினாள்.

"அக்கா!" என்று கத்தினேன். உண்மையான சந்தோஷத்தோடுதான் கத்தினேன். தெரியாத காட்டில் தெரிந்த முகம் இருந்தால் வரும் சந்தோஷம். சினேகிதன் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு, குச்சியால் மட்கார்டை நோண்ட ஆரம்பித்தான். அவன் தலை நிமிரவில்லை.

சிரிப்பு நின்றது. மூத்தவள் கேட்டாள்: "யாருத்தா இது, உந் தம்பியா?"

அக்கா நிமிர்ந்தாள். "ஆமா. ரெண்டு பேரும் என் தம்பிகதான்."

"அக்காளக் காட்டுல விட்டுட்டு, தம்பிமாரு சைக்கிளச் சுமந்துக்கிட்டு ஊர்கோலம் போறாகளாக்கும். போத்தா, போயிக் கஞ்சியக் குடு. மொகம் வாடிக் கெடக்கு பாரு."

அக்கா வரப்புக்கு வந்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. "சாப்பிட்டீகளா?" என்றாள்.

"சேவு தின்னோம்க்கா."

"சேவெல்லாம் ஒரு சாப்பாடா?"

வேப்பமரக் கிளையில் வரிசையாகத் தூக்குவாளிகள் தொங்கின. தன்னுடையதை எடுத்துவந்து மூடியைத் திறந்தாள். மோரில் கரைத்த கம்பஞ்சோறு. மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில், சுண்டுவிரலிலும் சின்னதாக, வரிவரியாக ஏதோ ஒரு காய், வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் சுருள வதக்கியது.

"இது என்னக்கா?"

"அதலக்காய். பருத்திக்குள்ள கொடியாக் கெடக்கும். யாரும் வெதைக்கிறதில்ல, தானா மொளைக்கும். களையோட களையாப் பிடுங்கையில மடியில கட்டிக்கிட்டுப் போயிருவோம்."

"கசக்குமா?"

"கசக்கும். காம்பையும் நுனியையும் கிள்ளிட்டு முழுசா வதக்கணும். அரிவாமணையில வச்சா இன்னுங் கசக்கும். புடிக்கலேன்னா துப்பிரு, நான் ஒண்ணும் நெனைச்சுக்கிட மாட்டேன்."

நான் துப்பவில்லை. முதலில் கசந்தது. பிறகு ஒரு வாய் மோர்க்கஞ்சி குடித்ததும் கசப்பு போய், நாக்கின் அடியில் ஓர் இனிப்பு ஊறியது. கம்பஞ்சோறு குளிர்ச்சியாக இறங்கியது. பசி, ஆற்றில் குளித்த உடம்பு, ஈரமண் வாசம் எல்லாம் சேர்ந்துகொண்டன. எழுபது வயதைத் தாண்டி எத்தனையோ ஊரில் சாப்பிட்டுவிட்டேன். அதற்குச் சமமாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

"நீ ஏன்டா ஒக்காந்திருக்க? கைய நீட்டு" என்றாள் தம்பியிடம்.

"எனக்குப் பசிக்கல."

அவன் பங்கையும் நான் சாப்பிட்டேன். "நீங்கக்கா?" என்று கேட்டபோது வாளியில் அடிவண்டல்தான் இருந்தது.

"நான் அப்பவே குடிச்சுட்டேன்" என்றாள்.

நாங்கள் சைக்கிளைத் தூக்கும்போது மூத்தவள் எல்லோரையும் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா காலி வாளியில் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரைக் குடித்தாள். மூத்தவள் அதைப் பார்த்தாள். தன் வாளியைச் சாய்த்து, அக்கா வாளியில் பாதியை ஊற்றினாள். அதற்குள் எங்கள் பாதை திரும்பிவிட்டது.

தார்ச்சாலை வந்து சக்கரத்தைக் கழுவும்போதுதான் சினேகிதன் வாயைத் திறந்தான்.

"அக்கா தையலுக்குப் போகல."

"தெரியுதுடா."

"அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா செத்துப் போவாரு. பஸ்ஸுல ஏறிப் பாதி வழியில எறங்கி, தெரியாத ஊருக் காடாப் பாத்துப் போகுது. எங்க போகுதுன்னு எங்கிட்டகூடச் சொல்லாது." கொஞ்ச நேரம் சக்கரத்தையே கழுவினான். "மலாயா, தை மாசம் பூவைக்க வாராக. உங்க பெரியம்மா காதுக்குப் போயிரக் கூடாது."

"சீ, என்னைய என்னன்னு நெனைச்ச?" என்றேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா வீட்டுக்கு விருதுநகரிலிருந்து அவர் அண்ணன் மனைவி வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா. அவர் யார் என்று எனக்கும், பெண்ணின் தம்பியோடு படிக்கிறவன் என்று அவருக்கும் சொல்லித்தான் பெரியம்மா என்னை உட்காரவைத்தார். நல்ல மனுஷி, கலகலப்பானவர். எனக்கு அடுத்த இலை அவருக்கு.

"எங்க ஊருச் சாப்பாடு ஒத்துக்கிடுச்சா தம்பி?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். நானும் எல்லோருக்கும் சொல்கிற பதிலை ஆரம்பித்தேன். எண்ணெய்ப் புரோட்டா, பருத்திப்பால். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடியாத்தி, கேட்டீகளா மதினி! இன்னுஞ் சொல்லு தம்பி" என்றார். பெரியம்மாவும் கரண்டியோடு நின்று சிரித்தார். இன்னும் சொல்ல என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சைக்கிளைத் தோளில் தூக்கிய கதையைச் சொன்னேன். களையெடுக்கும் பெண்கள் கேலி செய்ததை, அந்த மூத்தவளின் குரலிலேயே சொல்லிக்காட்டினேன். அவருக்குப் புரையேறிவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். "பொறவு?" என்றார் அவர். பிறகு அதலக்காய். அதுதான் கதையின் உச்சி. அது இல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"அதலக்காயா! எங்க வீட்டுல எல்லாருக்கும் அதுக்கு உசிரு. யாரு தம்பி உனக்குப் பொரிச்சுத் தந்தா?"

"என் சினேகிதன் அக்கா. அவுங்க கையால வதக்குனது. தூக்குவாளியத் தெறந்து..."

அவர் கை இலையில் நின்றுவிட்டது. "தூக்குவாளியிலயா?"

பினாங்குக்காரனுக்கு அது ஒரு பாத்திரம். அவர்களுக்கு அப்படி இல்லை. சொந்தக் காட்டில் நிற்பவளுக்கு வீட்டிலிருந்து கஞ்சி வரும். கூலிக்குப் போகிறவள்தான் தன் வாளியைத் தானே தூக்கிப் போவாள்.

"அவுக சொந்தக் காடுதான்" என்றேன் அவசரமாக.

"அவுகளுக்கு ஏது தம்பி காடு? இருந்ததையும் வித்துத்தான வைத்தியம் பாத்தாக." குரலில் கோபமே இல்லை. "பாவம் அந்தப் புள்ள" என்றார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். "கஷ்டம் யாருக்குத்தான் இல்ல மதினி. ஆனா தையலுக்குப் போகுதுன்னுல்ல சொன்னீக?"

பெரியம்மா, "ரசம் ஊத்தட்டுமா?" என்றார்.

சாயங்காலம் நான் விடுதிக்குக் கிளம்பும்போது பெரியம்மா சொன்னார்: "உன்னையச் சொல்லி என்ன செய்ய. நீ வெளிநாட்டுல வளந்த புள்ள. உனக்கு என்ன தெரியும்."

அந்த வார்த்தைக்குள் நான் வெகுகாலம் ஒளிந்திருந்தேன். தூக்குவாளி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் அக்காவைச் சொல்லக் கூடாது என்று தெரியும். பக்கத்து இலையில் இருப்பது யார் என்று தெரியும். சொல்லமாட்டேன் என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. சொல்வதற்கு ஒரு நொடி முன்புகூட ஞாபகம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு நிற்கக் கூடாது என்று இருந்தது எனக்கு. அவ்வளவுதான்.

தை பிறந்தது. யாரும் பூவைக்க வரவில்லை. பையனுக்கு இந்த வருஷம் யோகம் இல்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். மாசியிலேயே அவனுக்குச் சிவகாசியில் பெண் நிச்சயமானது.

வகுப்பு இடைவேளையில் சினேகிதன் சொன்னான்: "அக்காவுக்கு வந்த எடம் தட்டிப்போச்சு."

"ஏன்டா?" என்று கேட்டேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. உளறியதைக்கூடச் சின்ன வயது என்று தள்ளிவிடலாம். இது உளறல் இல்லை.

"யாரோ போட்டுக் குடுத்துட்டாக. அந்தக் களையெடுக்கிற கெழவியாத்தான் இருக்கும். வாய் ஓயாத பொம்பள. சந்தையில யாருகிட்டயோ சொல்லியிருப்பா. அன்னைக்கு நீ அக்கான்னு கூப்பிடவும், என்னையப் பாத்து எந்த வீட்டுப் புள்ளைன்னு புரிஞ்சுக்கிட்டா."

அவன் என்னைக் குறைசொல்லிப் பேசவில்லை. நான் கூப்பிட்டதை யாரும் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"இருக்கும்" என்றேன்.

அக்கா அந்தக் கூட்டத்தோடு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று பிறகு சொன்னான். மூத்தவள் வீடு தேடி வந்து, "ஏன்த்தா வரல, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாளாம். அக்கா கதவைச் சாத்திவிட்டாளாம். நான் படிப்பு முடிந்து கப்பல் ஏறும்வரை அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போனேன். எப்போது போனாலும் எனக்கு நெல்லுச்சோறு.

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான பிறகு, மனைவியோடு அருப்புக்கோட்டைக்குப் போனேன். சினேகிதன் அப்போது வாத்தியார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. நரிக்குடிப் பக்கம், மனைவியை இழந்தவர். அவருக்கு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். "உன்னையப் பாக்கணும்னு அக்கா சொல்லுச்சு" என்று எங்களை அங்கே கூட்டிப்போனான்.

வீரசோழனில் பஸ் மாறிப் போனோம். அக்கா வாசலுக்கே ஓடிவந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், காதோரம் நரை. சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். கடையில் சரக்கு இருந்தது. கணவர் உள்ளே இருமிக்கொண்டு படுத்திருந்தார். "வயசாளி தம்பி. ஆனா நல்ல மனுசன். ஒரு சொல்லு சொன்னதில்ல" என்றாள். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரரு ஒருநாள் சைக்கிளத் தூக்கிக்கிட்டு வந்தாரு பாருங்க" என்று ஆரம்பித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். இலை போட்டாள். கோழிக்குழம்பு. மனைவி சாப்பாட்டைப் புகழ்ந்தாள்.

சினேகிதன் ஏதோ பேச்சில் சொன்னான்: "அக்கா, அந்தக் களையெடுக்கிற கெழவி செத்துப்போச்சாம்ல."

"கேள்விப்பட்டேன்." அக்கா என் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "கடைசியா முடியாமக் கெடந்தப்ப, என்னையப் பாக்கணும்னு ஆளனுப்புனா. நான் போகல. சோறு போட்ட கைதான், இல்லேங்கல. எத்தன நாளு அவ வாளியில பாதிய எனக்கு ஊத்தியிருக்கா. ஆனாலும் மனசு வரல தம்பி. அவ ஒரு சொல்லு சொல்லாம இருந்திருந்தா, நான் இங்க வந்திருப்பனா?"

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"போகாம இருந்தது தப்பா தம்பி? நீ படிச்சவன், சொல்லு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் சோறு இருந்தது. அதை மெல்ல மென்று விழுங்கினேன். அந்த நேரம் போதுமானதாக இருந்தது, உண்மையைச் சொல்லவும், பொய்யைத் தேடவும்.

"தப்பில்லக்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "எனக்கும் அப்பிடித்தான் படுது" என்று சொல்லி, இன்னொரு கரண்டி எடுக்க உள்ளே போனாள்.

அந்த அக்கா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. சினேகிதனும் போய்விட்டான். இதைப் படித்து என்னைக் கேள்வி கேட்க அந்த வீட்டில் யாரும் மிச்சம் இல்லை; எழுதத் துணிவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. அந்த மூத்தவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னது நான்.